கிணற்று நீரின் குண மாறுதலைப் படத்திற் குறித்தல்

வீட்டுக்கு உபயோகமாகும் கிணற்று ஜலத்தின் குணம் எக்காலத்தும் ஒரே நிலையில் இருப்பதன்று. மழை, இறைப்பு, உரம், சாக்கடை, பூமியிலுள்ள பாறை ஆகிய இவற்றிற்கேற்ப அது வேறுபடும். ஆகையால், ஒரு கிணற்றை ஒரு முறை சோதிப்பது போதாது. கிராமத்துக் கிணறுகள் பலவற்றையும் வருஷந்தோறும் சோதித்து, கண்ட அளவுகளைப் படத்திற் குறித்து வைத்தல் அவசியம்.

சென்னைக்கு வடக்கிலுள்ள மீஞ்சூர்ப் பிரதேசம் இதற்குத் தக்க உதாரணம். அங்கு 1960-களின் பிற்பகுதி முதல் நகரத்தின் தேவைக்காகவும் பாசனத்திற்காகவும் ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து நீர் மிகுதியாய் இறைக்கப்பட்டது. கடலோரத்தில் நன்னீரானது கனத்த உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் ஓரடி தாழின், கீழுள்ள உப்பு நீர் சுமார் 40 அடி மேலெழக்கூடும் என்பது கணக்கு. அவ்வாறே கடல்நீர் பல மைல் உட்புகுந்து கிணறுகள் கரித்தன. 1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியில் நிலத்தடி நீரெடுப்பை ஒழுங்குபடுத்தச் சட்டம் ஏற்பட்டது.

உப்பை நாக்கு அறியும், மற்றவற்றை அறியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் பாறையினின்று கரையும் புளோரைடு, குழந்தைகளின் பற்களைக் கறைப்படுத்தி, நாளடைவில் எலும்பையும் கெடுக்கும். காய்ச்சுவதால் அது நீங்காது. எருக்குழி, கழிவுக்குழிகளிலிருந்து இறங்கும் நைட்ரேட்டு மிகுந்த ஜலத்தைப் பாலிற் கலந்து கொடுத்தால், சிசுக்களின் இரத்தம் பிராணவாயுவை ஏந்தும் சக்தி குன்றி, உடல் நீலம் பாரிக்கும்.

படம் தயாரிக்கும் விதமாவது: கிராமப் படத்தில் கிணறுகளுக்கு இலக்கமிட்டு, ஆழத்தையும் அருகிலுள்ள தொழுவம், எருக்குழி முதலியவற்றின் தூரத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரியில் ஒரு முறையும் அதே கிணறுகளில், சிறிது நேரம் இறைத்த பின், அந்நீராலேயே மும்முறை அலம்பிய புட்டியில் ஜலம் எடுத்து இரசாயன சாலைக்கு அனுப்புக. லிட்டருக்குப் புளோரைடு 1.5 மில்லிகிராமும், நைட்ரேட்டு 45 மில்லிகிராமும் மிஞ்சலாகாது. கரைந்த உப்புகள் மொத்தம் 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீர் இல்லாவிடத்து 2,000 வரை கொள்ளலாம். அளவுக்குட்பட்ட கிணற்றிற்குப் பச்சையும், மிஞ்சியதற்குச் சிவப்பும் இடுக.

இரண்டு மூன்று வருஷத்துப் படங்களை ஒப்பிட்டால் காரணம் விளங்கும். கடற்புறத்திலிருந்து சிவப்பு வரிசையாய் முன்னேறின், இறைப்பைக் குறைத்து மழைநீரைப் பூமியில் இறக்க வேண்டும். ஒரு கிணற்றில் மாத்திரம் நைட்ரேட்டு ஏறின், அருகிலுள்ள குழியை அகற்ற வேண்டும். புளோரைடு மிகுந்தவிடத்துக் குடிப்பதற்கும் சமையலுக்கும் வேறு நீர் தேட வேண்டும். இப்படத்தைக் கிராம அதிகாரிகள் பஞ்சாயத்து அலுவலகத்தில் யாவரும் காண வைப்பார்களாயின், எக்கிணற்று நீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாகாது என்பதைத் தாய்மார் அனைவரும் அறிவர்.