செருகினால் போதுமா?

இயங்குதளத்தின் உள்ளே – 19

கணினி பூட் ஆகும்போது கெர்னல் தன்னைச் சுற்றியுள்ள வன்பொருள்களை எப்படிக் கணக்கெடுக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கணக்கெடுப்புக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. ஒருமுறை எண்ணி முடித்துவிட்டால், கணினியை அணைக்கும்வரை எண்ணிக்கை மாறாது. மேசைக் கணினியைப் பொறுத்தவரை இது நியாயமான நம்பிக்கைதான். அதில் ஒரு கார்டைச் சேர்க்க மின்சாரத்தை நிறுத்த வேண்டும், மூடியைக் கழற்ற வேண்டும், திருகாணியை முடுக்க வேண்டும். மடிக்கணினியின் பக்கவாட்டில் ஒரு செருகுவாய் வந்தபோது இந்த நம்பிக்கைக்கு முதல் அடி விழுந்தது.

அந்த வாய்க்குள் நுழையும் அட்டையிலிருந்து தொடங்குவோம். ஜப்பானில் ஜெய்டா என்ற தொழில் அமைப்பு 1985 முதலே நினைவக அட்டைகளுக்கான தரநிலையில் இறங்கியிருந்தது. அமெரிக்காவில் 1989-இல் பிசிஎம்சிஐஏ சங்கம் தொடங்கியது. இரு தரப்பும் ஒத்துப்போய் 1990-இல் வெளியிட்ட முதல் தரநிலை நினைவக அட்டைகளை மட்டுமே கருதியது. அடுத்த ஆண்டின் இரண்டாம் பதிப்பில் மோடம், நெட்வொர்க் கார்டு போன்றவற்றுக்கும் வழி பிறந்தது. அட்டையின் நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் 54 மில்லிமீட்டர். அதாவது கிரெடிட் கார்டின் அளவு. தடிமனில் மூன்று வகை: 3.3, 5, 10.5 மில்லிமீட்டர். மூன்றுக்கும் இணைப்பி ஒன்றே, 68 ஊசிகள் கொண்டது.

அந்த ஊசிகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. மின்சாரம் தரும் ஊசிகள் நீளமானவை. அட்டை உள்ளே போகும்போது அவைதான் முதலில் தொடும். அட்டை வந்துவிட்டது என்று தெரிவிக்கும் 36, 67 எண் ஊசிகள் குட்டையானவை, கடைசியில்தான் தொடும். இவ்விரண்டும் வரிசைகளின் எதிரெதிர் முனைகளில் இருப்பதால், அட்டை கோணலாகப் பாதி நுழைந்திருந்தால் ஒன்று தொடும், மற்றது தொடாது. இரண்டும் தொட்டால்தான் “உட்கார்ந்துவிட்டது” என்று அர்த்தம். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் செருகுவதற்கான ஏற்பாட்டை வன்பொருள் பொறியாளர்கள் ஊசியின் நீளத்திலேயே முடித்துவிட்டார்கள். மென்பொருள் அந்த இடத்துக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் பிடித்தன.

லினக்ஸில் இந்த வேலையைத் தோளில் சுமந்தவர் டேவிட் ஹைண்ட்ஸ். 1990களில் அவர் எழுதிப் பராமரித்த பிசிஎம்சிஐஏ-சிஎஸ் தொகுப்பு நீண்ட காலம் கெர்னலுக்கு வெளியே தனியாகவே இருந்தது. கெர்னலை மாற்றும்போதெல்லாம் இதையும் மறுபடி தொகுக்க வேண்டும். 2001 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.4-இல்தான் இந்த ஆதரவு கெர்னலின் சொந்தச் சொத்தாக அமைந்தது. அந்தப் பதிப்பையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பின்னாளில் தானாக நடக்கத் தொடங்கிய வேலைகளை அன்று ஒவ்வொன்றாகக் கையால் செய்ய வேண்டியிருந்தது. அதனாலேயே உள்ளே என்ன நடக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

கெர்னலின் மூல நிரல் இருக்கும் கோப்பகத்தில் மெனுகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்தால் நீலத் திரையில் பட்டியல் விரியும். பொது அமைப்புப் பகுதிக்குள் போனால், இயங்கும்போதே செருகிக் கழற்றும் சாதனங்களுக்கு ஆதரவு வேண்டுமா என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கு “வேண்டாம்” என்று சொல்லிவிட்டால் பிசிஎம்சிஐஏ பகுதிக்கே வழி கிடையாது. “வேண்டும்” என்று சொன்ன பிறகுதான் உண்மையான கேள்விகள் தொடங்குகின்றன. அங்கே பலர் தடுமாறியதற்குக் காரணம், அட்டைக்கான ஆதரவு ஒரே பொத்தானில் அடங்கியதல்ல. நான்கு பேர் கைமாற்றிக் கொடுக்கும் வேலை அது. ஒருவர் வராவிட்டாலும் மற்ற மூவரும் சும்மா நிற்பார்கள்.

முதலாமவர், செருகுவாய்க்குப் பின்னால் மதர்போர்டில் இருக்கும் பாலச் சில்லு. பழைய மடிக்கணினிகளில் இது இன்டெல் 82365 என்ற சில்லோ, அதன் வழியில் செய்யப்பட்ட வேறொன்றோ. ஐஎஸ்ஏ பஸ்ஸில் தொங்கும் இதற்கு 16 பிட் அட்டைகள் மட்டுமே தெரியும். 1995-இல் கார்டுபஸ் வந்தது. 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ், 3.3 வோல்ட், ஏறக்குறைய பிசிஐ பஸ்ஸையே அட்டைக்குள் நீட்டியதுபோன்ற ஏற்பாடு. இந்த வகைப் பாலங்களை டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், ரிக்கோ, ஓ2 மைக்ரோ என்று பல நிறுவனங்கள் செய்தாலும், அடிப்படைப் பதிவேடுகள் எல்லாம் யென்டா என்ற ஒரே விவரக்குறிப்பைப் பின்பற்றின. ஆகவே ஒரே யென்டா டிரைவர் பெரும்பாலான மடிக்கணினிகளுக்குப் போதும். கெர்னல் மெனுவில் இரண்டும் தனித்தனித் தேர்வுகள். கார்டுபஸ் பாலம் உள்ள கணினியில் கெர்னலைச் சரியாகத் தொகுத்துவிட்டு, துவக்கக் கோப்பில் பழைய 82365 டிரைவரின் பெயரையே விட்டுவைத்தால் பயன் இல்லை. எந்தப் பாலம் என்று பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளையில் ஒருமுறை பார்த்துவிட்டால் குழப்பமே வராது.

இரண்டாமவர், அட்டையின் பிறப்புச் சான்றைப் படிப்பவர். ஒவ்வொரு 16 பிட் அட்டைக்குள்ளும் ஒரு சிறு நினைவகத்தில் அதன் விவரங்கள் அடுக்கப்பட்டிருக்கும். தயாரிப்பாளர் எண், பெயர், வேண்டிய மின்னழுத்தம், ஒத்துவரும் முகவரிகள், செய்யும் வேலை என்று துண்டு துண்டாக வரும். வேலைக்கு எண் உண்டு: 2 என்றால் சீரியல் அல்லது மோடம், 4 என்றால் வட்டு, 6 என்றால் நெட்வொர்க். இதைப் படிப்பது கார்டு சர்வீசஸ் என்ற அடுக்கின் வேலை. தயாரிப்பாளர்கள் இந்த விவரங்களைத் தப்பாக எழுதி அனுப்பிய அட்டைகளும் சந்தையில் இருந்தன. அவற்றுக்காகத் திருத்திய விவரங்களைத் தனிக் கோப்பாக வைத்து, அட்டை சொல்வதற்குப் பதில் அதைப் படிக்கும் வழியையும் ஹைண்ட்ஸ் வைத்திருந்தார். பின்னர் கெர்னல் மெனுவிலேயே இதற்கு ஒரு தேர்வு வந்தது.

மூன்றாமவர், இடம் ஒதுக்குபவர். சச்சரவு அதிகம் இங்கேதான். 16 பிட் அட்டைக்குப் போர்ட் முகவரி வேண்டும், நினைவகத்தில் ஒரு சாளரம் வேண்டும், பங்குபோடாத ஓர் இன்டரப்ட் எண்ணும் வேண்டும். பழைய கணினியில் இன்டரப்ட் எண்கள் 0 முதல் 15 வரை மட்டும். கடிகாரத்துக்கு 0, விசைப்பலகைக்கு 1, பிளாப்பிக்கு 6, மௌஸுக்கு 12, வட்டுகளுக்கு 14, 15 என்று போனபின் மிஞ்சுவது ஒரு சில. அதிலும் சவுண்டு கார்டு 5-ஐப் பிடித்திருக்கும், சீரியல் போர்ட் 4-ஐப் பிடித்திருக்கும். யாரிடம் எது இருக்கிறது என்று ஐஎஸ்ஏ பஸ் சொல்லாது. கெர்னல் ஒவ்வொரு முகவரியாகத் தொட்டுப் பார்த்துத்தான் காலியா என்று கண்டுபிடிக்க வேண்டும். யார் வீடு என்று தெரியாமல் நள்ளிரவில் கதவைத் தட்டுவது போன்ற காரியம் இது; சில சாதனங்கள் அந்தத் தட்டலைத் தாங்காமல் கணினியையே உறையவைத்துவிடும்.

இதற்காகத்தான் பிசிஎம்சிஐஏ கோப்பகத்தில் ஒரு விருப்பக் கோப்பு இருந்தது. இந்த முகவரிகளைத் தொடலாம், இந்த இன்டரப்ட் எண் பக்கம் போகாதே என்று அதில் வரிவரியாக எழுதிவைக்கலாம். அட்டையைச் செருகிய கணமே கணினி உறைந்துபோனால், அட்டை பழுது என்று முடிவுகட்டும் முன் இந்தக் கோப்பைத் திறப்பதுதான் முறை. ஒரு முகவரி வரம்பை விலக்கி எழுதினாலே பல கணினிகளில் சிக்கல் தீர்ந்தது.

நான்காமவர், அட்டையின் சொந்த டிரைவர். மெனுவைப் படித்துக்கொண்டே போகிறவர்களை அதிகம் ஏமாற்றிய இடம் இது. நெட்வொர்க் சாதனங்கள் பகுதியில் பிசிஎம்சிஐஏ கார்டுகள் என்று ஓர் உள்பட்டியல் இருக்கும். கையில் இருப்பது மடிக்கணினி அட்டை என்பதால் நேரே அங்கே போகத் தோன்றும். 16 பிட் அட்டைக்கு அது சரி. கார்டுபஸ் அட்டையோ கெர்னலின் பார்வையில் சாதாரண பிசிஐ சாதனம். அதன் டிரைவர் மேசைக் கணினிக் கார்டுகளோடு பிசிஐ ஈதர்நெட் பட்டியலில் இருக்கும். 3காம் நிறுவனத்தின் 3சி589 அட்டைக்கு டிரைவர் முதல் பட்டியலில் கிடைக்கும். அதே நிறுவனத்தின் 3சி575 கார்டுபஸ் அட்டைக்கு இரண்டாவது பட்டியலுக்குப் போக வேண்டும். இரண்டும் ஒரே வாய்க்குள் நுழைபவை. கண்ணால் பார்த்துப் பிரிக்க ஒரு வழி உண்டு: கார்டுபஸ் அட்டையின் இணைப்பி ஓரத்தில் சிறு புடைப்புகள் கொண்ட ஓர் உலோகப் பட்டை இருக்கும். 16 பிட் அட்டையில் அது இருக்காது.

கார்டுபஸ் வந்தபின் மூன்றாமவரின் தலைவலி பெருமளவு குறைந்தது. பிசிஐ சாதனங்கள் இன்டரப்ட் எண்ணைப் பங்குபோட்டுக்கொள்ளும். தமக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டால் சொல்லும். தட்டித் தேட வேண்டியதில்லை.

டிரைவர்களைக் கெர்னலோடு சேர்த்துக் கட்டுவதா, தனி மாட்யூலாக வைப்பதா என்ற கேள்விக்கு இங்கே விடை சுலபம். வந்து போகும் அட்டைக்கு மாட்யூல்தான் பொருத்தம். கார்ட்மேனேஜர் என்ற பின்னணி நிரல் அட்டையின் விவரங்களை ஒரு பட்டியலோடு ஒப்பிட்டு, உரிய மாட்யூலை ஏற்றும். முடிவை ஒலியால் சொல்லும். உயர்ந்த சுருதியில் இரண்டு பீப் வந்தால் அட்டை அடையாளம் காணப்பட்டு, வேலைக்கும் தயார். முதலாவது உயர்ந்தும் இரண்டாவது தாழ்ந்தும் வந்தால், அடையாளம் தெரிந்தது, அமைக்க முடியவில்லை. தாழ்ந்த சுருதியில் ஒரே ஒரு பீப் என்றால் அட்டை யாரென்றே தெரியவில்லை. நான்கு பேரில் யார் வரவில்லை என்பதைக் காதாலேயே ஓரளவு ஊகித்துவிடலாம். உயர்வும் தாழ்வுமாக வந்தால் மூன்றாமவரையோ நான்காமவரையோ சந்தேகிக்க வேண்டும். தாழ்ந்த ஒற்றை பீப் இரண்டாமவரைக் காட்டும். சத்தமே இல்லையென்றால் பாலத்தைப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது அட்டை வரும் கதை. கெர்னல் எழுதுகிறவர்களுக்கு அட்டை போகும் கதைதான் கடினம். முறைப்படி கார்டு கண்ட்ரோல் கட்டளையில் வெளியேற்றச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். அவசரத்தில் யார் அதைச் செய்வார்கள்? பிசிஐ வழியில் இல்லாத ஒரு சாதனத்தைப் படித்தால் எல்லா பிட்டும் 1 என்றே விடை வரும். சாதனத்தின் நிலைப் பதிவேட்டைப் படிக்கும் டிரைவருக்கு, தகவல் வந்திருக்கிறது, அனுப்பி முடிந்தது, பிழை நேர்ந்தது என எல்லாமே ஒரே நேரத்தில் உண்மைபோலத் தோன்றும். ஒவ்வொன்றாகக் கவனித்துவிட்டு மறுபடி படித்தால் மறுபடியும் எல்லாம் 1. வெளியேற வழி எழுதப்படாத டிரைவர் அந்தச் சுழலிலேயே மாட்டிக்கொள்ளும். கணினி உறைந்ததுபோல நிற்கும். மேசைக் கணினிக்காக எழுதப்பட்ட டிரைவர்கள், சாதனம் இன்னும் இருக்கிறதா என்று முதலில் கேட்கக் கற்றுக்கொண்டதில் இந்த அட்டைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

2005 ஆகஸ்ட்டில் வந்த 2.6.13 பதிப்பில் கார்ட்மேனேஜருக்கு விடைகொடுக்கும் வேலை தொடங்கியது. டொமினிக் பிரோடோவ்ஸ்கி முன்னின்று நடத்திய மாற்றம் அது. எந்தெந்த அட்டைகளைத் தெரியும் என்ற பட்டியலை ஒவ்வொரு டிரைவரும் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. அட்டை வந்ததும் கெர்னல் அதன் அடையாளத்தை ஒரு வரியாக அறிவிக்கும். சாதனங்களை நிர்வகிக்கும் யுடெவ் என்ற நிரல் அதைக் கேட்டு உரிய மாட்யூலை ஏற்றும். யுஎஸ்பி சாதனங்களும் பிசிஐ சாதனங்களும் நடக்கும் அதே பாதை. தனிப் பின்னணி நிரல் போயிற்று, இரட்டை பீப்பும் போயிற்று.

இந்த அட்டைகளின் வாரிசாக 2003-இல் அறிமுகமான எக்ஸ்பிரஸ்கார்டு பிசிஐ எக்ஸ்பிரஸையும் யுஎஸ்பியையும் ஒரே வாய்க்குள் கொண்டுவந்தது. யுஎஸ்பி வழியைப் பயன்படுத்தும் அட்டை தகராறு இல்லாமல் எழுந்துவிடும். பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைக்கோ ஹாட்பிளக் டிரைவர் வேண்டும். ஹாட்பிளக்கைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை பயாஸ் விட்டுத்தராத மடிக்கணினிகளில், செருகிய அட்டை தெரியவே தெரியாது. செருகிவைத்துக் கணினியை மறுபடி துவக்கினால் மட்டும் தெரியும். அப்படி நடந்தால் அட்டையும் டிரைவரும் நலமாக இருக்கின்றன என்று பொருள். பார்க்க வேண்டியது ஹாட்பிளக் அமைப்பை.

இன்று அந்தச் செருகுவாய்கள் புதிய மடிக்கணினிகளில் இல்லை. பழைய அட்டை டிரைவர்களும் ஒவ்வொன்றாகக் கெர்னலிலிருந்து விடைபெறுகின்றன. அந்த அட்டைகளால் கெர்னலுக்குப் பழகிய நான்கு வேலைகள் மட்டும் அப்படியே நீடிக்கின்றன. யுஎஸ்பி பென்டிரைவைச் செருகும்போதும், தண்டர்போல்ட் பெட்டியை மாட்டும்போதும் பாலம், அடையாளம், ஒதுக்கீடு, டிரைவர் என்ற அதே வரிசைதான் ஓடுகிறது. செருகிக் கழற்றும் சாதனங்களுக்கு ஆதரவு வேண்டுமா என்ற கேள்வியை 2012–13 வாக்கில் கெர்னல் மெனுவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லும் கணினி ஏறக்குறைய இல்லாமலே போனதால், அதைக் கேட்பதில் அர்த்தம் இல்லை என்று ஆகிவிட்டது.

அறிவிப்பைக் கேட்டு மாட்யூலை ஏற்றும் யுடெவ், எந்தச் சாதனத்துக்கு எந்தப் பெயர் என்று எப்படி முடிவுசெய்கிறது? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)