சுவரில் தொடங்கும் பழுது

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் சிட்டா எடுக்கவும் பயிர்க் காப்பீட்டுக்குப் பதியவும் விவசாயிகள் போய் நிற்கிற கடைகள் பலவற்றில் இருப்பது அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். சென்னை ரிச்சி தெருவிலோ திருச்சியிலோ பாகம் பாகமாக வாங்கிவந்து பூட்டியது. விலை குறைவு, ஆனால் போர்டு ஒரு கம்பெனி, ரேம் இன்னொன்று, மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் மற்றொன்று. எது கெட்டது என்று தெரிந்தால்தானே வாரன்டி கேட்க முடியும்?

மெஷின் ஆன் ஆகவில்லை என்றதும் சந்தேகம் மதர்போர்டு மேல்தான் விழுகிறது. ஆனால் இந்தக் காவிரி டெல்டாவில் தேடலைச் சுவர் பிளக்கில் தொடங்குவதே சரி.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் ஃபேஸையும் நியூட்ரலையும் எர்த்தோடு இணைக்கின்றன. எர்த் இல்லாத வீட்டில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினட் தகரத்தில் வந்து நிற்கும். கை வைத்தால் சுரீரென்று இருப்பது இதனால்தான். மின்னோட்டம் சொற்பம் என்றாலும், பிரின்டரோ மானிட்டரோ இணைக்கும் நேரத்தில் போர்ட்டைப் பதம் பார்த்துவிடும். இதை எலெக்ட்ரீசியனிடம் காட்டாமல் புது மதர்போர்டு வாங்குவது வீண் செலவு.

எர்த் குழி இருந்தால் மட்டும் போதாது. டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அதன்பின் வாய்க்கால் வற்றி, களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரம் போன மண்ணில் மின்தடை ஏறிவிடும். கார்த்திகையில் நன்றாயிருந்த எர்த் சித்திரையில் பெயரளவுக்குத்தான். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் கம்ப்யூட்டர் பராமரிப்புதான்.

மழைக்காலத்தின் தொல்லை வேறு. ஓடும் மெஷின் தன் சூட்டிலேயே உலர்ந்துகொள்ளும். கிடக்கும் மெஷினில் ஈரம் கோர்க்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையே கரையைக் கடந்தபின், பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. அப்படி நாள்பட நின்ற மெஷினை எடுத்தவுடன் ஆன் செய்யக் கூடாது. திறந்து, உலரவிட்டு, ரேமின் பொன்னிறப் பற்களை ரப்பரால் மெல்லத் தேய்த்துப் பொருத்த வேண்டும். தொடர்ந்து பீப் அடிக்கும் மெஷின்கள் பல இதிலேயே எழுந்துவிடும்.

இணையதளம் திறக்க மறுத்தால் நெட்டைக் குறை சொல்லுமுன் தேதியைப் பார்க்கலாம். போர்டிலுள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும்; பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் தடுக்கும்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு போர்டு, பிராசசர், ஒரே ரேம் மட்டும் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் குற்றவாளி தப்பிவிடும். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் சுற்றுவதை நம்ப வேண்டாம். மெஷின் வேலை செய்யும்போதே மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையே நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டியது எஸ்எம்பிஎஸ்தான்.