பழைய டீசல் வண்டி திணறினால்

கோலாரில் தக்காளி ஏற்றியாகிவிட்டது. இரவு மணி 2. விடிவதற்குள் பெங்களூர்ச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். தூரம் சுமார் 70 கிலோமீட்டர்தான். ஆனால் பிக்-அப் வண்டிக்கு வயது இருபதை நெருங்குகிறது. மேடு வந்ததும் வண்டி குலுங்குகிறது. இழுவை இல்லை. இரண்டு முறை திக்கிவிட்டு நின்றுவிடுகிறது.

பக்கத்தில் வண்டியை நிறுத்தியவர் எட்டிப் பார்க்கிறார். "டீசல் பம்ப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

பம்பைக் கழற்றிச் சரி செய்வதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். வண்டி சில நாள் ஓடாது. அந்த நாட்களின் வாடகையும் போகும். ஆனால் இப்படித் திணறும் எல்லா வண்டியிலும் பம்ப்தான் கெட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு ரப்பர் குழாய், ஒரு கிளிப், ஒரு ஃபில்டர், தொட்டியின் மூடி ஆகியவையும் இதே கோளாறைக் காட்டும். இவற்றைப் பார்க்க ஒரு ஸ்பானரும் ஒரு கண்ணாடிப் பாட்டிலும் போதும். அதனால் இவற்றை முதலில் பாருங்கள். பம்ப் கடைசியில்தான்.

டீசல் எப்படி எரிகிறது?

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இருக்கும். அது பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிறகு டீசல் எப்படிப் பற்றுகிறது?

சைக்கிளுக்குக் காற்று அடித்திருப்பீர்கள். அடிக்க அடிக்கப் பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். டீசல் எஞ்சினும் இதைத்தான் செய்கிறது. உள்ளே வந்த காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக அழுத்துகிறது. காற்றின் வெப்பம் 500 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. அந்தச் சூட்டில் நாசில் டீசலைப் புகைபோலத் தூவுகிறது. டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-இல் இந்த எஞ்சினை நன்றாக ஓட்டிக் காட்டினார். அவர் பெயர்தான் எண்ணெய்க்கும் வந்தது.

ஆகவே பழைய டீசல் வண்டி மிஸ்ஸிங் அடித்தால், பொறி வரவில்லையோ என்று தேட வேண்டாம். காற்று சரியாக அழுந்துகிறதா? டீசல் சுத்தமாக, சரியான அளவில், சரியான நேரத்தில் வருகிறதா? இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

முதலில் காதால் கேளுங்கள்

வண்டியை நிறுத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். பேனெட்டைத் திறந்து ஒரு நிமிடம் கேளுங்கள்.

திணறல் ஒரே தாளத்தில் வருகிறதா? ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஓர் அடி குறைகிறதா? அப்படியானால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. அதன் நாசிலோ வால்வோ கெட்டிருக்கலாம்.

திணறல் தாளம் இல்லாமல் வருகிறதா? கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகு திக்கி, மறுபடி சரியாகிறதா? அப்படியானால் டீசலோடு காற்றோ தண்ணீரோ கலந்து வருகிறது என்று சந்தேகப்படலாம்.

மூன்றாவது வகையும் உண்டு. நின்ற இடத்தில் எஞ்சின் ஒழுங்காக ஓடும். பாரத்தோடு மேடு ஏறினால் மட்டும் இழுக்காது. இங்கே டீசல் வருகிறது, ஆனால் போதவில்லை. எங்கோ அடைப்பு இருக்கிறது.

சொட்டாத ஓட்டை

டீசல் போகும் வழி இது. தொட்டியில் இருந்து குழாய் வழியாக ஃபீட் பம்புக்கு வரும். ஃபீட் பம்ப் அதை ஃபில்டருக்குத் தள்ளும். அங்கிருந்து பெரிய பம்புக்குப் போகும். பெரிய பம்ப் அதை அழுத்தி, இரும்புக் குழாய்கள் வழியாக நாசில்களுக்கு அனுப்பும். மிச்சம் தொட்டிக்கே திரும்பும்.

ஃபீட் பம்புக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள குழாயை நன்றாகக் கவனியுங்கள். அங்கே டீசல் தள்ளப்படுவதில்லை. உறிஞ்சப்படுகிறது.

குழல் போட்டு இளநீர் குடிக்கிறீர்கள். குழலில் மேல்பக்கம் ஒரு விரிசல் இருக்கிறது. என்ன ஆகும்? இளநீர் வெளியே சொட்டாது. காற்று உள்ளே வரும். வாய்க்குப் பாதி இளநீர், பாதி காற்று. வண்டியிலும் இதுதான் நடக்கிறது. குழாயில் ஓட்டை இருக்கும். ஆனால் எஞ்சின் ஓடும்போது டீசல் சொட்டாது. குழாய் காய்ந்துதான் இருக்கும். "எங்கேயும் ஒழுகவில்லையே" என்று மெக்கானிக்கும் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். நல்ல பம்புகளைக் கழற்ற வைப்பது இந்தச் சொட்டாத ஓட்டைதான் என்பது என் எண்ணம்.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாது. இரவில் அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்திருக்கும். குழாயில் இருந்த டீசல் தொட்டிக்கே இறங்கியிருக்கும்.

இதை எப்படி உறுதி செய்வது? ஃபில்டருக்கும் பெரிய பம்புக்கும் நடுவில், தற்காலிகமாக, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயைப் போடச் சொல்லுங்கள். டீசல் தாங்கும் குழாயாக இருக்க வேண்டும். எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். குமிழ்கள் ஓடிக்கொண்டே இருந்தால் காற்று வருகிறது.

அடுத்த சோதனை இதைவிட நல்லது. ஒரு கேனில் சுத்தமான டீசலை ஊற்றுங்கள். ஃபீட் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றுங்கள். அதற்குப் பதிலாகக் கேனில் இருந்து வேறு குழாய் கொடுங்கள். கேன் அசையாமல் இருக்க வேண்டும். சைலன்சர் குழாய்க்கும் சுற்றும் ஃபேனுக்கும் தள்ளி இருக்க வேண்டும். இப்போது எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறதா? அப்படியானால் பம்பில் குற்றம் இல்லை, நாசிலில் குற்றம் இல்லை. கோளாறு தொட்டியிலோ அதன் குழாயிலோ இருக்கிறது. பல ஆயிரம் ரூபாய்க் கேள்விக்கு ஐந்து லிட்டர் கேன் பதில் சொல்லிவிடும்.

பிறகு குழாயைத் தொட்டியில் இருந்து தடவிக்கொண்டே வாருங்கள். ரப்பர் வெடித்திருக்கிறதா? கிளிப் தளர்ந்திருக்கிறதா? இரும்புக் குழாய் சேஸில் உரசித் தேய்ந்திருக்கிறதா? சில வண்டிகளில் ஃபீட் பம்ப் தனியாக இருக்காது. பெரிய பம்பே உறிஞ்சிக்கொள்ளும். அந்த வண்டிகளில் ஃபில்டரின் ரப்பர் வளையத்தையும் பார்க்க வேண்டும்.

ஓட்டையை அடைத்த பிறகு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டரின் மேல் உள்ள சிறிய திருகைத் தளர்த்துங்கள். கையால் அடிக்கும் பிரைமரை அடியுங்கள். முதலில் நுரையாக வரும். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் திருகை முடுக்குங்கள். அதன்பின் பெரிய பம்பின் திருகிலும் இதேபோல் செய்யுங்கள்.

மூடியையும் பாருங்கள்

டீசல் தொட்டியில் இருந்து போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். பல பழைய வண்டிகளில் மூடியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் காற்று வரும். சேறு பிடித்தால் துளை அடைந்துவிடும். வண்டி கொஞ்ச தூரம் ஓடி நிற்கும். சிறிது நேரம் கழித்து மறுபடி ஓடும். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகிறதா? வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆகிறதா? அப்படியானால் துளையைச் சுத்தம் செய்யுங்கள். செலவே இல்லை.

தண்ணீர் கலந்த டீசல்

ஃபில்டரின் அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் டீசலைப் பிடியுங்கள். கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது. அது அடியில் தங்கும். நடுவில் கோடு போட்டதுபோல் தெரியும்.

தண்ணீர் எப்படி வந்தது? தொட்டி பாதி காலியாக இருந்தால் மேலே ஈரக் காற்று இருக்கும். இரவில் குளிர்ந்ததும் அது துளியாகும். பீப்பாயில் வைத்து விற்கும் டீசலிலும் தண்ணீர் இருக்கலாம். இரவில் தொட்டியை நிரப்பி நிறுத்தினால் இது குறையும். கையில் காசு இருந்தால் அல்லவா நிரப்புவது என்பீர்கள். அதுவும் சரிதான். மழைக்காலத்திலாவது ஃபில்டர் திருகை அடிக்கடி திறந்து பாருங்கள்.

பெரிய பம்பின் உள்ளே ஒரு தண்டு மேலும் கீழும் போகும். தண்டுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி, தலைமயிர்ப் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே எண்ணெய் கிடையாது. வழவழப்புத் தருவது டீசலேதான். தண்ணீர் போனால் துருப்பிடிக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று மண்ணெண்ணெய் கலந்தால் வழவழப்பு குறையும், தண்டு தேயும். மண்ணெண்ணெயில் மிச்சம் பிடித்த பணம் பம்பில் போய்விடும். பங்கில் ஊற்றும் டீசல் மேல் சந்தேகம் வந்தால், அடர்த்தியை அளந்து காட்டும்படி கேளுங்கள். அதற்கான கருவி அங்கே இருக்க வேண்டும். கேட்பது உங்கள் உரிமை.

எந்தச் சிலிண்டர்?

திணறல் ஒரே தாளத்தில் வந்தால் இந்தச் சோதனை உதவும். ஆனால் பழக்கமான மெக்கானிக்கை வைத்தே செய்யுங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது, ஒரு நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டை அவர் அரைச் சுற்று தளர்த்துவார். அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. எஞ்சின் சத்தம் மாறி இன்னும் அதிகமாகத் திணறினால் அந்தச் சிலிண்டர் நன்றாக இருந்தது என்று பொருள். நட்டை முடுக்கிவிட்டு அடுத்ததைப் பார்ப்பார். எதைத் தளர்த்தினாலும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர்.

அந்த நட்டின்மேல் துணியைச் சுற்ற வேண்டும். முகத்தை விலக்கி வைக்க வேண்டும். கையால் கசிவைத் தடவிப் பார்க்கவே கூடாது. நாசிலில் வரும் டீசலின் அழுத்தம், லாரி டயரில் உள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் இருபது மடங்கு இருக்கும். அது தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க நேரலாம். அப்படிப் பட்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டீசல் உள்ளே போய்விட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கசிவைப் பார்க்க அட்டைத் துண்டைக் காட்டினால் போதும்.

புதிய வண்டிகளில் நட்டைத் தளர்த்தும் சோதனையே கூடாது. அவற்றில் காமன் ரெயில் என்ற முறை இருக்கிறது. அழுத்தம் பல மடங்கு அதிகம். கம்ப்யூட்டர் கருவியை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வேலை செய்யாத சிலிண்டர் தெரிந்ததும், அதன் நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடச் சொல்லுங்கள். அடியில் உள்ள செம்பு வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். திணறலும் கூடவே பக்கத்துச் சிலிண்டருக்குப் போனால் நாசில்தான் கெட்டது. பழைய இடத்திலேயே இருந்தால் நாசிலை விட்டுவிடுங்கள். வால்வு, ஹெட் கேஸ்கெட், பிஸ்டன் ரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அங்கே காற்று சரியாக அழுந்தவில்லை.

நாசிலை டெஸ்ட் செய்யும்போது நீங்களும் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். கைப்பிடியை அழுத்தினால் டீசல் பனிபோலத் தூவி, சட்டென்று நிற்க வேண்டும். கோடாகப் பாய்ந்தாலும், நின்ற பிறகு நுனியில் சொட்டினாலும், அந்த நாசிலை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.