பழைய காரின் ப்ளோயர்

பெரும்பாலான கார்களில் ஹீட்டரின் சூட்டுக்கும் ஏசியின் குளிருக்கும் ப்ளோயர் ஒன்றுதான். தென்காசி வட்டாரத்தில் ஹீட்டர் குமிழைத் திருப்புபவர் அரிது. ஆனாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான சாரல் காலத்தில் ப்ளோயரின் அருமை தெரியும். புளியங்குடியிலிருந்து குற்றாலத்துக்கு மழையில் போகும் காரில், நாலைந்து பேரின் மூச்சு ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியில் படிந்து சாலையை மறைக்கும். அந்தப் படலத்தை விரட்டுவது ப்ளோயர் காற்று. அது நின்றுபோனால் ஒரு கையில் துணி, மறு கையில் ஸ்டீயரிங்.

ப்ளோயரில் வரும் கோளாறுகளில் ஒன்று விசித்திரமானது. முதல் மூன்று வேகங்களில் காற்றே வராது. நாலாவதில் வைத்தால் சீறிக்கொண்டு வரும். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. போனது ரெசிஸ்டர். பழைய வீடுகளின் ஃபேன் ரெகுலேட்டர் பெட்டி, வேகத்தைக் குறைத்து வைத்தால் சுடும். இதுவும் அதே வேலையைச் செய்கிறது. குறைந்த வேகங்களில் மின்சாரம் இதன் சுருள்கம்பி வழியாகப் போகிறது. முழு வேகத்தில் இதைத் தொடாமல் நேரே மோட்டாருக்குப் போய்விடுகிறது. கம்பியின் சூடு தணிய ரெசிஸ்டரைக் காற்றுப்பாதைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். எந்த விசிறியை அடக்குகிறதோ, அதன் காற்றில்தான் அது உயிர் பிழைக்கிறது.

அதனால் காற்று அடைபட்டால் ரெசிஸ்டர் கருகும். புளியமரத்தடியில் நிற்கும் காரில், வைப்பருக்குக் கீழுள்ள துவாரம் வழியே பொடி இலைகள் உள்ளே இறங்கும். கிளவ் பாக்ஸைக் கழற்றி மோட்டாரை இறக்கினால், எலிக்கூண்டு போன்ற விசிறியின் இதழ்களுக்கு நடுவே மக்கிய இலை கறுப்பாக அப்பியிருக்கும். அதைத் துலக்காமல் புது ரெசிஸ்டர் மட்டும் மாட்டினால் அதுவும் சீக்கிரம் கருகிவிடும்.

எந்த வேகத்திலும் காற்று இல்லையென்றால் முதலில் பியூஸைப் பார்க்க வேண்டும். அது நன்றாக இருந்தால், மோட்டாரின் சாக்கெட்டில் டெஸ்ட் லேம்ப் வைக்க வேண்டும். விளக்கு எரியாவிட்டால் சுவிட்ச், ரிலே, எர்த் ஆகியவற்றில் கோளாறு. எரிந்தும் மோட்டார் சுற்றாவிட்டால் பெரும்பாலும் அதன் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று செப்புக்கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம் மிக ஆபத்தானது. இறுகிய மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுப்பதைச் சொல்லும் பியூஸின் வாயை அடைத்துவிட்டால், அடுத்து எரிவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் வயர்.

மோட்டாரைத் திரும்ப மாட்டியபின் சத்தம் சரியாக இருந்தும் காற்று மந்தமாக வரலாம். இரண்டு வயரும் இடம் மாறியிருக்கும்; இந்த எலிக்கூண்டு வகை விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே பக்கமாகத்தான், வலுவில்லாமல் வரும். வயரை மாற்றி மாட்டினால் சரியாகிவிடும்.