பேக்கிங் மாற்றியும் நிற்காத ஆயில் லீக்... கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறது?

அதிகாலை 4 மணி இருட்டு. சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்கக் கிளம்புகிறது ஒரு ஜீப். மேலே சுமார் 7,900 அடி உயரம். வழியெல்லாம் பாறையும் பள்ளமும்தான். அந்த ஏற்றத்தில் இன்ஜின் ஆயில் குறைந்தால், வண்டி மட்டுமல்ல, உள்ளே இருப்பவர்களும் நடுவழியில்தான். அதனால் டிரைவரின் முதல் வேலை, டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் பார்ப்பது.

அங்கே கறுப்பாக ஒரு திட்டு. போன மாதம்தானே பேக்கிங் மாற்றினோம்?

பழைய டீசல் ஜீப் வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. பெரும்பாலும் ஆயில் சொட்டும் இடத்தைச் சரி செய்கிறோம். கசியும் இடத்தை விட்டுவிடுகிறோம்.

முதலில் கண்டுபிடியுங்கள்

ஆயில் மேலிருந்து கீழே வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். டேப்பெட் கவரில் கசிவது, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். 'பின் சீல் போச்சு' என்று கியர் பாக்ஸை இறக்கினால் கூலி தண்டம். இன்ஜினை நன்றாகக் கழுவிக் காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடர் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். பவுடர் முதலில் நனையும் இடம்தான் குற்றவாளி. கந்தக வாடை அடித்தால் அது இன்ஜின் ஆயிலே அல்ல, கியர் ஆயிலாக இருக்கலாம்.

ஏன் திரும்பத் திரும்ப?

* பிரீத்தர் அடைப்பு: இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி இது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். ஒன்றை மாற்றினால் இன்னொன்று கசியும்.
* தேய்ந்த பிஸ்டன் ரிங்: இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, ஆயில் ஊற்றும் மூடியை மெக்கானிக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். புகை குபுகுபுவென்று வந்தால், எத்தனை சீல் மாற்றினாலும் பயனில்லை.
* கிராங்க் தேய்மானம்: பழைய சீல் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருக்கும். புது சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் கசிவு தொடரும்.
* அதிக முறுக்கு: 'இன்னும் கொஞ்சம் டைட்' என்று முறுக்கினால் தகடு கவர் வளைந்து, பேக்கிங் சரியாக உட்காராது.
* அளவுக்கு மீறிய ஆயில்: டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது.

பேஸ்ட்டை அள்ளிப் பூசுவதும் ஆபத்து. உள்ளே பிதுங்கும் துணுக்குகள் ஆயில் சேம்பரில் விழுந்து வலையை அடைத்தால், இன்ஜினே ஜாம் ஆகிவிடலாம்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

லேசான ஈரக்கசிவு என்றால் தினமும் அளவு பார்த்து ஓட்டலாம். சைலன்சர் குழாயில் ஆயில் சொட்டிப் புகைந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. கிளட்ச்சில் பட்டால் ஏற்றத்தில் வழுக்கும். ஓடும்போது ஆயில் லைட் எரிந்தால் 'அடுத்த வளைவு வரைக்கும்' என்று நினைக்காமல், பத்திரமாக ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

சரி செய்யும் வரை, நிறுத்தும் இடத்தில் ஒரு தட்டு வையுங்கள். தேயிலைத் தோட்டத்து மண்ணிலும் ஓடையிலும் ஆயில் கலக்காது. காலையில் தட்டைப் பார்த்தாலே, கசிவு கூடுகிறதா, குறைகிறதா என்பதும் தெரிந்துவிடும்!