துருவப் பனியைச் சிறுவர்க்கு விளக்குதல்: சொல்லும் பொருளும்

முன்னுரை

துருவப் பனி பற்றி முதன்முதலில் கேட்கும் தமிழ்க் குழந்தையின் மனத்தில் எழும் காட்சி எது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 'பனி' என்னும் சொல்லை அக்குழந்தை முன்பே அறியும். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி பனி. எதிரே வரும் பேருந்தை மறைக்கும் வெண்மூட்டமும் பனி. தமிழ் இலக்கண மரபு ஆறு பெரும்பொழுதுகளுள் இரண்டை முன்பனி, பின்பனி என்று வழங்குகிறது. அவை குளிரையும் ஈரத்தையும் உணர்த்துவனவே அன்றி உறைந்த நீரை உணர்த்துவன அல்ல. ஆகவே 'துருவங்களில் பனி உருகுகிறது' என்ற தொடர், வெயில் ஏறியதும் மறையும் புல்நுனித் துளியையே நினைவூட்டினால் அது குழந்தையின் பிழையன்று.

'பனிப்பாறை' என்ற சொல்லிலும் இதே இடர் உண்டு. கடலில் மிதந்துவரும் அக்குன்று பாறையால் ஆனதன்று. உறைந்த நன்னீரால் ஆனது. இளஞ்சிறார்க்குப் 'பனிக்கட்டி மலை' என்பதே போதும். உதகையில் வளரும் குழந்தைக்கு உறைபனி கண்ணால் கண்ட பொருள். ஏனையோர்க்குக் குளிர்பதனப் பெட்டியின் பனிக்கட்டியிலிருந்துதான் விளக்கத்தைத் தொடங்க இயலும்.

கடற்பனியும் நிலப்பனியும்

சிறுவர் படங்களில் வெண்கரடியும் பெங்குவினும் ஒரே பனித்திட்டில் நிற்பதுண்டு. படம் அழகியதே; ஆயினும் அறிய வேண்டிய முதன்மையான வேறுபாட்டை அது அழித்துவிடுகிறது. வெண்கரடி வாழும் வடதுருவப் பகுதி, நிலங்களால் சூழப்பட்ட ஆர்க்டிக் பெருங்கடல். பெங்குவின் வாழும் அண்டார்க்டிகா, கடலால் சூழப்பட்ட கண்டம்.

ஆர்க்டிக்கில் மிதப்பது கடல்நீரே உறைந்து உண்டான பனிக்கட்டி. உப்பு கலந்திருப்பதால் கடல்நீர் சுழியத்தில் உறையாமல், ஏறத்தாழ −1.8 பாகை செல்சியசில் உறைகிறது. இப்பனியின் தடிமன் சில மீட்டர்களே. குளிர்காலத்தில் பரந்து, கோடையில் சுருங்கி, செப்டம்பரில் மிகக் குறைந்த பரப்பை அடைகிறது. 2012 செப்டம்பரில் அது ஏறத்தாழ 34 இலட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது.

அண்டார்க்டிகப் பனியோ முற்றிலும் வேறானது. ஏறத்தாழ 1.4 கோடி சதுர கிலோமீட்டர் பரப்பில், சராசரியாக இரண்டு கிலோமீட்டர் தடிமனில் அது நிலத்தின்மேல் கிடக்கிறது. அங்கு விழும் பனித்தூவல் கோடையிலும் பெரும்பாலும் உருகுவதில்லை. மறு ஆண்டுப் பனி அதன்மேல் விழுகிறது. பஞ்சு மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியிலுள்ளது தட்டையாவதுபோல, கீழ்ப்பனி நெருங்கிக் கட்டியாகிறது. இடையில் அகப்பட்ட காற்றும் குமிழ்களாக உள்ளேயே தங்கிவிடுகிறது. எட்டு இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காற்றை அறிவியலாளர் இவ்வாறுதான் துளையிட்டு எடுத்தனர். பனி சேரும் வேகத்தை உணர்த்த இந்தியச் சான்றொன்றும் உண்டு: 1983-84இல் அமைக்கப்பட்ட தட்சிண கங்கோத்திரி ஆய்வு நிலையம், சில ஆண்டுகளிலேயே பனியில் புதைந்து கைவிடப்பட்டது. வடபகுதியில் கிரீன்லாந்தின் பனியும் இத்தகைய நிலப்பனியே.

குவளைச் சோதனை

இவ்வேறுபாடு ஏன் இன்றியமையாதது என்பதை இரண்டு கண்ணாடிக் குவளைகள் காட்டும். ஒன்றில் நீர் ஊற்றிப் பனிக்கட்டியை மிதக்கவிட வேண்டும். மற்றொன்றில் நீருக்கு மேலே தலை நீட்டும் கல்லை வைத்து, அதன்மேல் பனிக்கட்டியை வைக்க வேண்டும். இரண்டிலும் நீர்மட்டத்தைக் கோடிட்டுக் காத்திருக்க, முதற்குவளையில் மட்டம் மாறாது, இரண்டாவதில் உயரும். மிதக்கும் பனிக்கட்டி தன் எடைக்கு நிகரான நீரை முன்பே விலக்கிவிட்டது. கல்லின்மேல் இருந்ததோ புதிதாக வந்து சேர்கிறது. (கடல்நீரின் உப்பால் நேரும் சிறு வேறுபாட்டை இவ்வயதில் விட்டுவிடலாம்.)

அவ்வாறாயின் கடற்பனி உருகுவதால் தீங்கில்லை எனக் குழந்தை கருதக்கூடும். கோடை நண்பகலில் வெறுங்காலுடன் தார்ச்சாலையைக் கடப்பவர் வெள்ளைக் கோட்டின்மேல் கால்வைத்துச் செல்வதை இங்குச் சுட்டலாம். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் பத்தில் எட்டுப் பங்களவைத் திருப்பியனுப்பும். இருண்ட கடலோ பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உள்வாங்கும். வெள்ளை குறையக் கடல் சூடேறும். கடல் சூடேற மேலும் பனி உருகும்.

இவ்விடத்தில் 'நம் ஊர் மூழ்கிவிடுமா?' என்ற வினா எழுவது உறுதி. அண்டார்க்டிகப் பனி முழுதும் உருகினால் கடல் ஏறத்தாழ 58 மீட்டர் உயரும் என்ற கணக்கைக் காலம் குறிக்காமல் கூறுவது குழந்தையை அச்சுறுத்துவதாகும். அவ்வளவு பனி உருகப் பல நூற்றாண்டுகள் அல்ல, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். கவலை வேண்டா என்று மட்டும் கூறுவதும் பொய்யாகும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது; நிலப்பனி உருகியதும், வெப்பத்தால் கடல்நீர் விரிந்ததும் இதன் முதன்மைக் காரணங்கள். குழந்தையின் பையிலுள்ள 30 சென்டிமீட்டர் அளவுகோலை நிமிர்த்தி வைத்து, அதில் மூன்றில் இரண்டு பங்கை விரலால் தொட்டுக் காட்டலாம்.