பரம்வீர் ஏன் இல்லை?

'அமரன்' படம் பார்த்தவர்களோடு செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன் பக்கம் டீ குடித்துக்கொண்டே பேசினால், இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும்: "மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு ஏன் பரம்வீர் சக்ரா தரலை? அசோக சக்ரா ரெண்டாவது பரிசுதானே?" நியாயமான சந்தேகம்தான். டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

நம் நாட்டு வீரதீர விருதுகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. எதிரிக்கு முன்னால் நின்று காட்டிய வீரத்துக்குப் பரம்வீர், மகாவீர், வீர் சக்ராக்கள். வேறு சூழலில் காட்டிய வீரத்துக்கு அசோக, கீர்த்தி, சௌரிய சக்ராக்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் முதலிடம் வாங்கிய பிள்ளையைப் பார்த்து 'தமிழ்ப் பரிசு ஏன் வாங்கவில்லை' என்று கேட்போமா? இதுவும் அப்படித்தான். மார்பில் அணியும் வரிசையில் பரம்வீர் முன்னால் வரும், உண்மைதான். ஆனால் அதற்கு அடுத்த இடம் மகாவீருக்கு இல்லை, அசோக சக்ராவுக்கு. ராணுவத்தில் இல்லாதவர்களுக்கும் அது உண்டு. 1986-இல் கடத்தப்பட்ட விமானத்தில் பயணிகளைக் காக்கப்போய் உயிர்விட்ட பணிப்பெண் நீரஜா பனோட் அதைப் பெற்றார்.

இதைக் கேட்டதும், "அப்போ போர் வந்தாத்தான் பரம்வீர்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அநேகமாக எல்லோரும் சறுக்கும் இடம் இது. 1999-இல் கார்கிலில் யாரும் முறைப்படி போர் அறிவிக்கவில்லை; ஆனாலும் நான்கு பேருக்குப் பரம்வீர் கிடைத்தது. 1987 நவம்பர் 25-ஆம் தேதி இலங்கையில், இந்திய அமைதிப்படையில் இருந்த மகார் ரெஜிமென்ட்டின் மேஜர் ராமசுவாமி பரமேஸ்வரனின் படைப்பிரிவு, தேடுதல் முடித்து இரவில் திரும்பும்போது பதுங்கித் தாக்கப்பட்டது. அவர் பின்பக்கமாகச் சுற்றிவளைத்துப் பாய்ந்தார். மார்பில் குண்டு பட்ட பிறகும், சுட்டவனின் துப்பாக்கியைப் பிடுங்கி அவனையே சுட்டார். உயிர் போகும்வரை உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். எதிரில் நின்றது எந்த நாட்டின் ராணுவமும் அல்ல. ஆனாலும் அவருக்குப் பரம்வீர்.

முகுந்த் 2014 ஏப்ரல் 25-இல் காஷ்மீரின் ஷோபியானில், நம் எல்லைக்குள்ளேயே, தீவிரவாதிகளோடு மோதி வீழ்ந்தார். உள்நாட்டுத் தீவிரவாத ஒழிப்பு இரண்டாவது வரிசையில் சேரும். அந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதைத்தான் அவருக்குக் கொடுத்தார்கள். துணிச்சலை நிறுத்துப் பார்த்துக் குறைத்த முடிவு அல்ல அது. அவர் மோதியது எந்தச் சூழலில் என்பதை வைத்து வரிசை அமைந்தது, அவ்வளவுதான்.

யாருக்கு எது என்பது டெல்லியில் தொடங்குவதில்லை. படைப்பிரிவின் கமாண்டிங் ஆபீசர் நடந்ததை எழுதிப் பரிந்துரைப்பார். அது ஒவ்வொரு மேலிடமாக ஏறிக் கடைசியில் குடியரசுத் தலைவரிடம் போகும். அறிவிப்பு பெரும்பாலும் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி வரும்.

2021 குடியரசு தினப் பட்டியலில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியின் பெயர் இருந்தது. லடாக்கின் கல்வானில் 2020 ஜூன் 15 இரவு அவர் வீழ்ந்த மோதலில் துப்பாக்கியே வெடிக்கவில்லை, போர் அறிவிப்பும் இல்லை. எதிரில் இருந்தது சீன ராணுவம். அவருக்கு வீர் சக்ரா. அடுத்த பட்டியல் வரும்போது விருதின் பெயரோடு நிறுத்திவிடாமல், சம்பவம் எங்கே, யாருக்கு எதிராக நடந்தது என்பதையும் வாசியுங்கள்.